கையில் எரிந்த ஐஸ்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தகப்பனும் மகனும். மகனுக்குக் கடலடியில் துளை போடும் கப்பலில் வேலை.

“ஐஸ் எரியுது நைனா. என் கையில வெச்சே கொளுத்தினாங்க.”

“குடிச்சிருந்தியா?”

“கடலுக்கு அடியில ஐஸுக்குள்ள கேஸ் மாட்டிக்கினு கீது. கரண்டு எடுக்கலாம். நிலக்கரிய விட புகை கம்மி.”

“நான் கிணறு வெட்றவன்டா. ஈரமண்ண நோண்டினாலே கரை சரியும். அந்த ஐஸ் கரைஞ்சா கடலடி மண்ணு நிக்குமா?”

“அத்தத்தான் இன்னும் பாத்துக்கினு கீறாங்க.”

“உங்கள மேல நிக்க வெச்சிக்கினா பாக்கறாங்க?”

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தகப்பன் கம்பியைப் பிடித்தபடி அவன் பக்கம் குனிந்தார்.

“திங்கக்கிழமை போயே ஆவணுமா?”

“ஆவணும் நைனா.”

“கப்பல் கரையிலயே கட்டிக் கெடக்குதுன்னு அம்மாகிட்ட சொல்லிடு.”