பெஞ்சின் தலைமாட்டில்

14.11.2024, வியாழன்

முதலில் ஒரு திருத்தம். ஏசி மெக்கானிக் மாலை வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மதிக்கு ஊர் மாதவரம் என்று நேற்று எழுதியது தவறு. மாத்தூர். அவள் இரண்டு முறை சொல்லியும் சரியாகக் கவனிக்கவில்லை.

இன்று எட்டு மணிக்கு மழையோடு மழையாகக் கரண்ட் போனது. இருட்டில் எல்லோரும் மாடிப்படியில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பழைய கம்ப்ரஸருக்குள் பேய் குடியிருக்கிறது, அதுதான் உறுமுகிறது என்று திலீப் ஆரம்பித்து வைத்தான். சிரிப்பு அடங்கிய பிறகு மதி தன் சித்தப்பா அசோகனுக்கு நடந்ததைச் சொன்னாள். அவள் சொன்ன வரிசையிலேயே இங்கே இருக்கிறது. ஏதாவது விட்டுப்போயிருந்தால் அது கேட்டவரின் தவறு.

இரவு ஒன்பதே முக்கால். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டின் பின்பக்க ரோடு...

லாரிகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே ஆள் இல்லை. மூன்று தெருவிளக்கில் ஒன்றுதான் எரிகிறது. மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து அழுகிய முட்டை வாடை. அதற்கு அடியில் நனைந்த துருவின் வாடை. எடைமேடையில் வேலை முடித்து அசோகன் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். இரும்பு ஏற்றிய லாரிகளை எடை போடும் வேலை. பதினெட்டு வருஷப் பழக்கம். எதையும் கையால் ஒருமுறை தூக்கினால் போதும், இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார்.

ரோட்டின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. செவ்வானம் பளுதூக்கும் கழகம். மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. செயலாளர் அசோகன்தான், சாவி அவர் சட்டைப்பையில்.

கொட்டகையைத் தாண்டும்போது கேட்டது.

டங்.

நின்றார். நாய்கூடக் குரைக்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து... டங்.

அந்தக் கழகத்தின் எடைத்தட்டுகள் கடையில் வாங்கியவை அல்ல. உடைத்த கப்பலின் தகடுகளை மார்க்கெட்டிலேயே கேஸ் வைத்து வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, வெள்ளைப் பெயின்டில் கிலோ எழுதியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு. அங்கே பயிற்சி எடுத்தவர்களுக்கு, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாலும் பார் என்கிற இரும்புக் கம்பியில் எந்தத் தட்டு ஏறுகிறது என்று தெரியும். ஒரு இருபது கிலோ தட்டு மணி மாதிரி நீண்டு ஒலிக்கும். இன்னொன்று மொட்டையாக நிற்கும். விரிசல் விட்ட ஒன்று, வயசானவர் இருமுவது போல.

டங்... டொக்... டங்...

ஆறாவதாக அந்த இருமல்.

இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. ஆறு இருபது நூற்றிருபது. பார் இருபது. ஆக நூற்று நாற்பது கிலோ.

அந்த ஆறு தட்டுகளை அந்த வரிசையில் ஏற்றுகிறவன் ஒருவன்தான். அவன் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

அவன் பெயர் சாவியோ. ராயபுரத்துப் பையன். துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கட்டுகிற வேலை. சாயங்காலமானால் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வருவான். பெஞ்சில் மல்லாந்து படுத்து, பாரை மார்புவரை இறக்கி, மறுபடி கையை நீட்டி ஏற்றுவதுதான் அவன் போட்டி. பார் நழுவினால் பிடிக்கத் தலைமாட்டில் எப்போதும் அசோகன் நிற்பார். அப்படி நிற்பவருக்கு அந்தக் கழகத்தில் ஒரே ஒரு சட்டம். படுத்திருப்பவன் கூப்பிடும்வரை பாரைத் தொடக் கூடாது. ஒரு விரல் பட்டாலும் அந்தத் தூக்கு செல்லாது.

மாவட்டப் போட்டியில் அசோகன் தொட்டுவிட்டார். சாவியோவின் கை நடுங்கியதைப் பார்க்கப் பொறுக்காமல் இரண்டு விரல் வைத்தார். அவ்வளவுதான். நடுவர் கொடியைக் காட்டிவிட்டார். மாநிலப் போட்டிக்குப் போகும் இடம் போனது. சாவியோ சண்டை போடவில்லை. திரும்பி வருகிற வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"உன்ன நான் கூப்ட்டனா மாமு?"

புடாபெஸ்ட்டில் இருக்கிற ஒரு கிளப்பைப் போனில் அடிக்கடி காட்டுவான். பெஞ்சின் இரண்டு பக்கமும் அங்கே இரும்புக் கைகள் வைத்திருக்கிறார்களாம். பார் நழுவினால் அவையே தாங்கிக்கொள்ளுமாம். தலைமாட்டில் ஆளே வேண்டாமாம். நம்ம மார்க்கெட்டில் அரைநாளில் வெட்டி வெல்டிங் வைத்துவிடலாம் என்றான். என்றைக்காவது அந்த ஊருக்குப் போகத்தான் போகிறேன் என்று பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்திருந்தான். கழகத்தில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். அதிகம் செய்தவர் அசோகன்.

"இரும்பு இன்னாடா, உன் மூஞ்சிய பாத்துகினா நிக்கும்? நான் கீறேன் பின்னால. படு."

அடுத்த தேர்வுப் போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. (ஒன்பதா பத்தா என்று மதியிடம் கேட்டிருக்க வேண்டும்.) மற்றவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். சாவியோ நூற்று நாற்பதை ஏற்றினான். மார்பு வரைக்கும் இறங்கியது. பாதி ஏறி, நின்றது.

அசோகனின் இரண்டு கைகளும் பாருக்குக் கீழே விரிந்திருந்தன. ஒரு விரல்கடை தூரம். தொடவில்லை. சாவியோ கண்ணை மூடியிருந்தான், பல்லைக் கடித்திருந்தான். கூப்பிடவில்லை. இந்தத் தடவை கெடுத்துவிடக் கூடாது... அவனே கூப்பிடட்டும்... அசோகன் மனசுக்குள் எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று.

நாலில் முழங்கை மடிந்து பார் கழுத்துக்கு உருண்டது.

அதற்குப் பிறகு அவர் எவ்வளவு வேகமாகப் பிடித்தார் என்பதைப் பற்றிப் பேசி என்ன.

அடக்கத்தன்று சாவியோவின் அம்மா இருதயம்மாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"உன்ன கூப்ட்டானா நைனா?"

"இல்லம்மா."

"அப்ப நீ இன்னா பண்ணுவே," என்று அவர் கையைத் தடவிக் கொடுத்தாள்.

அவள் செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்று அசோகன் பிற்பாடு மதியின் அம்மாவிடம் சொன்னாராம்.

இப்போது பூட்டிய கொட்டகைக்குள் அதே ஆறு தட்டுகள்.

பையன்கள் யாராவது கூரைத் தகரத்தைப் பிரித்து இறங்கியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பூட்டைத் திறந்தார். போன் வெளிச்சத்தில்... யாரும் இல்லை. கூரை முழுசாக இருந்தது. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பெஞ்ச் நடுவில் கிடந்தது. தாங்கியில் பார். பாரில் ஆறு தட்டு. கைக்குப் பூசுகிற வெள்ளைப் பவுடர் காற்றில் இன்னும் அடங்காமல் மிதந்தது. தைல வாடை. தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

மறுநாளும் ஒன்பதே முக்காலுக்கு அதே ஆறு சத்தம். அன்று அவர் திறக்கவில்லை, ஓடிவிட்டார்.

மூன்றாம் நாள் கதவுக்கு வெளியே நின்றார். பூட்டில் சாவியைச் செருகியும் விட்டார். திருப்பக் கை வரவில்லை. உள்ளே ஆறாவது தட்டு ஏறியது. பிறகு, முதல் இரண்டு நாளும் அவர் கேட்காதது கேட்டது. தாங்கியிலிருந்து பார் கிளம்பும் சத்தம், கிர்ர்... மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பல்லுக்கு நடுவில் காற்று மெதுவாகக் கசிகிறது... கசிகிறது... அசோகன் சாவியைப் பிடித்தபடியே நின்றார். எண்ணுகிறோம் என்று தெரியாமலே எண்ணிக்கொண்டிருந்தார். நாலு வந்ததும் உள்ளே இரும்பு உருண்டது.

அன்றைக்கு ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார். பயத்தில் இல்லை. இரண்டாவது முறையும் காத்திருந்துவிட்டோமே என்று.

நாலாம் நாள் ஒன்பது மணிக்கே உள்ளே போய், லைட் போடாமல் பெஞ்சின் தலைமாட்டில் நின்றார். மழை கூரையில் பொரிந்துகொண்டிருந்தது. ஒன்பதே முக்காலுக்குத் தட்டுகள் ஏறின. இடப்பக்கம், வலப்பக்கம், மாறி மாறி. ஆள் தெரியவில்லை. பெஞ்சின் ரெக்ஸின் மெத்தை மட்டும் ஒரு உடம்பு படுத்தது போல அமுங்கியது. பார் கிளம்பியது. கீழே போனது. பாதி ஏறி, நின்றது.

அசோகன் எண்ணவில்லை. இரண்டு கையையும் பாருக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார்.

நூற்று நாற்பது கிலோ அவர் கையில் வெறும் பதினைந்து கிலோதான். பதினெட்டு வருஷம் எடை போட்ட கை, தப்பாகச் சொல்லாது. மீதி முழுவதையும் கீழேயிருந்து யாரோ தள்ளிக்கொண்டிருந்தார்கள். பார் தாங்கியில் உட்கார்ந்ததும் ஒரு நீண்ட மூச்சு அவர் மணிக்கட்டில் பட்டது. சூடாக.

அது போன தை மாதம். அன்றிலிருந்து ஒரு ராத்திரிகூட அவர் தவறவிட்டதில்லை. தீபாவளி ராத்திரியும் அங்கேதான் நின்றார். எந்தத் தூக்கோடு அவன் எழுந்து போய்விடுவான், போவானா மாட்டானா, அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு ராத்திரியும் பதினைந்து கிலோ. கூடவுமில்லை, குறையவுமில்லை.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்து, "உன் சித்தப்பாவுக்கு ஓசியில எக்சர்சைஸ்," என்றான் திலீப். யாரும் சிரிக்கவில்லை. மதிக்குக் கோபமும் வரவில்லை. மீதியையும் சொன்னாள்.

நேற்றுக் காலை மழையில் எடைமேடை ஏணி வழுக்கி, சித்தப்பாவின் வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. ராத்திரி மாவுக்கட்டோடு, ஒற்றைக் கையோடு போயிருக்கிறார். பார் ஒருபக்கமாகச் சாய்ந்து, தாங்கியில் உட்கார நெடுநேரம் ஆகியிருக்கிறது. பத்து மாதத்தில் முதல் தடவையாகக் கீழேயிருந்து ஒரு முனகல் கேட்டதாம். இன்றும் அப்படியேதான் போவார், யார் சொன்னாலும் கேட்க மாட்டார். நாளை ஆஸ்பத்திரியில் சேர்த்து மணிக்கட்டில் கம்பி வைக்கிறார்கள், இரண்டு ராத்திரி அங்கேயே இருக்க வேண்டும். பழைய கழகத்து ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். இன்று காலை மதியிடம் இன்னொரு சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தைதான் சொன்னாராம்.

"அவன் தனியா கெடப்பான்மா."

பார் தூக்கிப் பழகாத மதி ஒருத்தியால் முடியாது. ஒரு பக்கம் சாயும். இரண்டு பக்கமும் ஆள் வேண்டும்.

அந்த நேரம் கரண்ட் வந்தது. வெளிச்சத்தில் எல்லோரும் பையைத் தேட ஆரம்பித்தார்கள். திலீப் குனிந்து ரொம்ப நேரமாகச் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். மதி யாரையும் பார்க்கவில்லை. யாரிடமும் கேட்கவுமில்லை.

நாளை: வகுப்பு எட்டரைக்கு முடியும். அங்கிருந்து மதியோடு ஷேர் ஆட்டோவில் சாத்தாங்காடு. ஒன்பதரைக்குள் கொட்டகைக்குள் இருக்க வேண்டும். லைட் போடக் கூடாது. மதிக்கு வலது பக்கம், எனக்கு இடது.