கோல் கீப்பருக்குக் காரியம்

அப்போது கும்மிடிப்பூண்டிக்குக் கரி ரயில்தான். பொன்னேரியில் சாப்பாட்டுத் தூக்கோடு இரண்டு பேர் ஏறி என் எதிரே உட்கார்ந்தார்கள். இளையவர் வயலைப் பார்த்தபடியே சொன்னார்:

"நாளைக்கு நம்ம கோல் கீப்பர் ஏழுமலைக்குக் காரியம்ணா. பதினாறாம் நாளு."

"உயிரோட கீறவனுக்கு இன்னாடா காரியம்?"

"நாமதானே பாடை கட்னோம்? பைனல்ல கோலை வுட்டுட்டான்னு வைக்கோல்ல பொம்மை செஞ்சி, அவன் பனியனையே மாட்டி, மோளம் அடிச்சிக்கினு போயி ஏரிக்கரையில கொளுத்துனோமே."

"பொம்மையைத்தானே கொளுத்துனோம்? மேட்சுக்கு மின்னாடி அவன் கைக்குச் சூடம் காட்டி கும்புட்டதும் நாமதான்."

"சூடம் காட்டுனப்போ சும்மா நின்னான். கொளுத்துனப்போவும் கூட்டத்தோட வந்து நின்னான்ணா. எல்லாரும் ஏரியில தலை முழுகுனோமில்ல, கூடவே அவனும் முழுகுனான்."

கவரைப்பேட்டையில் வண்டி நின்று கிளம்பியது.

"நேத்து சாயங்காலம் ஊடு ஊடா போயி அவனே சொல்லிக்கினு வந்தான்ணா. காரியத்துக்கு அவசியம் வரணும்னு. என் ஊட்டுக்கும் வந்தான். உள்ள கூப்ட்டேன், வரல. சாவு சொல்ல வந்தவனாட்டம் வாசல்லயே நின்னான். தண்ணி குடுத்தேன், வாணாம்னுட்டான்."

மூத்தவர் தூக்கை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கெளம்பும்போது உங்கிட்ட எதுனா சொன்னானா?"

"இல்லண்ணா. திரும்பிப் பாக்காம போய்ட்டான்."

"என் ஊட்டுக்கும் வந்தாண்டா, எங்கிட்டயும் அப்டித்தான். போய்ட்டு வர்றேன்னு சொல்லவேயில்ல."