கடைசிக் காம்பராவின் பூட்டு

என் மகன் அபினேஷுக்குக் காரம் ஆகாது மிஸ். பருப்பில் ஒரு மிளகாய்த் துண்டு கிடந்தால்கூடத் துப்பிவிடுவான். பாண் துண்டைத் தேத்தண்ணீரில் நனைத்துக் கையால் ஊட்டினால் சாப்பிடுவான். கரண்டியைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வான். பதுளையில் அவனை வைத்திருக்கிற பிள்ளைகள் இல்லத்தில் இதையெல்லாம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லிவிடுங்கள்.

மற்றப் பொலிஸ்காரர்கள் மாதிரி இல்லாமல் நீங்கள் சத்தம் போடாமல் கேட்கிறீர்கள். அதனால் நானும் ஒழுங்காகச் சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் லுணுகலைக்கு மேலே. என் வீட்டுக்காரர் ஜெயகுமார் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். மற்ற நாளெல்லாம் போனில் முகத்தைக் காட்டுவார். பெரிய மழையில் மண் இறங்கியபோது எங்கள் பிள்ளைக்காம்பராவின் சுவர் வெடித்துவிட்டது. நாங்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அதைப் பூட்டிவிட்டார்கள். மற்றப் பெண்கள் பிள்ளையை மாமியாரிடமோ மூத்த மகளிடமோ விட்டுவிட்டு மலைக்குப் போனார்கள். எனக்கு அப்படி யாரும் இல்லை. வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தேன்.

சும்மா இருக்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு வயதுப் பையனோடு தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். திரும்பினால் அடுப்பில் கை வைப்பான். குனிந்தால் தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்துக்கு ஓடுவான். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்துக் காம்பராக்களுக்குப் பின்னால் நிலம் அப்படியே சரிந்து இறங்குகிறது மிஸ். ஒரு கல் உருண்டால் கீழே ரோட்டில்தான் நிற்கும். நான் சாப்பிட்டது நின்றுகொண்டே. கக்கூசுக்குப் போனாலும் இடுப்பில் அவன். இருட்டிய பிறகாவது தூங்குவானா என்றால், என்னை எழுப்பி நிற்க வைத்து, தோளில் தூக்கி நடக்கச் சொல்லுவான். உட்கார்ந்தால் கத்துவான். பக்கத்துக் காம்பராக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள். நான் மறுபடியும் எழுந்து நடப்பேன்.

ஒருநாள் அடுப்பை ஊதிக்கொண்டே சுவரில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன். அவன் வீறிட்ட சத்தத்தில்தான் விழித்தேன். சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் கையை விட்டிருந்தான். அந்தக் கொப்புளத்தை ஜெயகுமார் போனில் பார்த்தார்.

“ஒத்தப் புள்ளைய பாத்துக்க தெரியல, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? இன்னொருக்கா அவனுக்கு ஏதாச்சும் ஆகட்டும். வந்து தூக்கிட்டு போயிருவேன். நீ ஒத்தையா கெட.”

அவர் கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் என்றாலே பயம் வந்துவிட்டது. கண் செருகினால் போதும், அவன் சரிவில் உருளுகிற மாதிரித் தெரியும். திடுக்கிட்டுப் பார்ப்பேன், பக்கத்தில்தான் இருப்பான், என்னையே பார்த்துக்கொண்டு. அந்தப் பார்வைக்கும் பயந்தேன். நான் எப்போது தூங்குவேன் என்று காத்திருக்கிற மாதிரி இருக்கும். மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரில் தலையை நீட்டுவேன். கன்னத்தில் அறைந்துகொள்வேன். ஒன்றும் பலிக்கவில்லை.

இத்ரூஸ் நானா வேனில் பிளாஸ்டிக் சாமான் விற்க வருகிறவர். பதுளை முஸ்லிம் ஆள், அண்ணன் என்கிற மாதிரி நானா என்போம். ஒருமுறை நான் பேசின் பார்த்துக்கொண்டிருந்தபோது அபி படியில் இறங்கப் போனான். எனக்குத் தெரியவில்லை. அவர்தான் பாய்ந்து தூக்கி என் கையில் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, நீங்க ரொம்ப களச்சிப் போயி ஈக்கிறீங்க. கொஞ்சம் படுங்க,” என்றார். அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. அன்று முழுக்க அழுகை வந்துகொண்டே இருந்தது.

எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவும் மழையில் வெடித்ததுதான். யாரும் இருக்கக் கூடாதென்று சுவரில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள். அங்கே இருந்தவர்கள் ஹாலிஎலயில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது, மிச்சச் சாமானைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் அதைத் திறந்து பார்த்தேன். அடுப்பில்லை. கத்தியில்லை. படியில்லை. ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. எங்கள் தோட்டத்திலேயே ஒரு பிள்ளைக்கு அடிபடாத இடம் அது ஒன்றுதான் என்று தோன்றியது. மழை பெய்யாத நாளில் அந்தச் சுவர் என்ன செய்துவிடப் போகிறது?

பாயை விரித்தேன். பால் போத்தலும் பிஸ்கட்டும் வைத்தேன். வெளியே வந்து பூட்டினேன். முதல் நாள் கதவை அடித்து அழுதான். பக்கத்தில் பீலி விழுகிற சத்தம். லயத்து ஆட்கள் மலையில். என் காம்பராச் சுவரில் காதை வைத்துக் கேட்டால் மட்டும் லேசாகக் கேட்கும். அழுதால் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி படுத்தபோதுதான் பல மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். எழுந்து போய்த் தூக்கி, கழுவி, சோறு ஊட்டினேன். அன்று அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நான் நல்ல தாயாக இருந்தது அந்த நாட்களில்தான்.

அன்றும் அப்படித்தான் பூட்டிவிட்டு வந்து படுத்தேன். எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியாது. யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அடுத்த காம்பரா பாக்கியலெட்சுமி அக்கா. மத்தியானச் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கியிருந்தார்.

“விதுஷா, புள்ள எங்கடி?”

தூக்கக் கலக்கம் மிஸ். அவர் முகம் ஜெயகுமார் முகம் மாதிரித் தெரிந்தது. கொப்புளம் ஞாபகம் வந்தது. “காணலியே,” என்று வாயில் வந்துவிட்டது.

அந்த ஒரு சொல்தான். அவர் வாசலில் நின்று கத்தினார். கூடையை முதுகில் மாட்டியபடியே பெண்கள் ஓடி வந்தார்கள். ஆண்கள் கான் கானாகத் தேடினார்கள். எல்லோரும் கீழே இறங்கியதும் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து, இங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தான் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் என்னைத் தனியாக விடவில்லை. ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள், ஒருத்தி தலையைத் தடவினாள், ஒருத்தி சீனித் தண்ணீர் கொண்டுவந்தாள். அதுவரை ஒருநாளும் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காதவர்கள். சாவி என் சட்டைக்குள் இருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் குத்தியது.

அப்போது கீழே வளைவில் இத்ரூஸ் நானாவின் வேன் ஹோர்ன் கேட்டது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வேனில் சுற்றுவதாகப் போனில் வந்த கதையை எல்லோரும் கேட்டிருந்தோம். பாக்கியலெட்சுமி அக்காவின் மகன் ரஜீவ் திரும்பி என்னைப் பார்த்தான்.

“அக்கா, அந்த நானா எப்பயாச்சும் புள்ளைய தூக்கியிருக்காரா?”

“தூக்கியிருக்காரு,” என்றேன்.

அது பொய்யில்லை. எப்போது தூக்கினார் என்று அவன் கேட்கவில்லை.

அவரை இழுத்து வந்து பீலிக்கரையில் நிறுத்தினார்கள். அப்போதே வாயிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. வேனிலிருந்த வாளிகளும் பேசின்களும் ரோட்டில் உருண்டு கிடப்பது மேலிருந்து தெரிந்தது. அவர் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“தங்கச்சி, நீங்க சொல்லுங்க. இண்டக்கி நா ஒங்கட புள்ளய கண்டேனா? அல்லாவுக்காக சொல்லுங்க.”

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். இல்லையென்றால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். அப்படியானால் பிள்ளை எங்கே? அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

“இவருதான்,” என்றேன்.

அதன் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். காதை மூட முடியவில்லை. கூட்டம் போட்ட சத்தத்தில் கடைசிக் காம்பராவுக்குள் அபி அழுதது யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. இரண்டு குரலும் கேட்டது. அவர் குரல்தான் முதலில் நின்றது.

அவரைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ரோட்டுக்கு இறங்கினார்கள். லயம் காலியானது. நான் போய்ப் பூட்டைத் திறந்தேன். அபி கதவடியில் சுருண்டு தூங்கியிருந்தான். விரல் நுனியெல்லாம் கதவின் பச்சை மை. அவனைத் தூக்கிப் பின்பக்கமாகப் போய்த் தேயிலைக்குள் ஒரு கானில் படுக்க வைத்தேன். கொஞ்சம் பொறுத்தேன். அவன் காலில் ஒரு அட்டை ஏறியதும், “இந்தா இருக்கான்,” என்று கத்தினேன்.

பயந்துபோய் அந்த நானாவின் கூட்டாளிகள் பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அடித்ததால்தான் பிள்ளை கிடைத்தது என்றார்கள். அபியை ஆளாளுக்கு வாங்கிக் கொஞ்சினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இத்ரூஸ் நானா முடிந்துவிட்டார் என்ற செய்தி பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டது. ரஜீவையும் இன்னும் சிலரையும் பொலிஸ் கொண்டுபோனது. பாக்கியலெட்சுமி அக்கா மகனைப் பார்க்க மறியல்சாலைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அபிக்கு ஏதாவது வாங்கி வருவார். “என் மகன் உள்ள கெடந்தாலும் பரவாயில்ல, ஒன் புள்ள பொழைச்சானே,” என்பார். நல்ல மனுசி. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அத்தோடு எல்லாம் அடங்கியிருக்கும். ஆனால் அபி பேசத் தொடங்கினான்.

அதற்கு முன் அவனுக்கு அம்மா, பால், காக்கா, அவ்வளவுதான் வரும். திடீரென்று சொற்களைச் சேர்க்கத் தொடங்கினான். ஒருநாள் பாக்கியலெட்சுமி அக்காவின் இடுப்பில் இருந்துகொண்டு கடைசிக் காம்பராவைக் காட்டி, “அம்மா பூட்டு. அபி உள்ள,” என்றான்.

“என்னடி சொல்றான்?”

“பூட்டு வச்சி வெளையாடணுமாம்,” என்றேன். அக்கா சிரித்தார். நான் அபியை அவர் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பயத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? முன்பு அவன் விழுந்துவிடுவானோ என்று பயம். இப்போது வாயைத் திறந்துவிடுவானோ என்று பயம். அவனை யாரிடமும் கொடுக்கவில்லை. கதவைச் சாத்தியே வைத்தேன். ஜெயகுமார் போனில் வந்தால், தூங்குகிறான் என்று சொன்னேன். தூங்கத்தான் செய்தான், சளிக்குக் கொடுக்கிற பாணி மருந்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிடுவேன். தூங்காத நேரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டே அதையே சொல்லுவான். கோபமில்லை, அழுகையில்லை. காக்கா என்று சொல்கிற மாதிரியே சொல்லுவான்.

ஒருநாள் அந்தப் பெண் வந்தார். தலையில் முக்காடு. தனியாகத்தான் வந்தார்.

“நா முஷ்ரிபா. இத்ரூஸ்ட பொஞ்சாதி. சண்ட புடிக்க வரல்ல. இந்தப் புள்ளய ஒருக்கா பாத்துட்டுப் போக வந்தன்.”

அபி என் இடுப்பில் இருந்தான். அவர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“நீங்களும் ஒரு உம்மா. அவர்தான் தூக்கினாரெண்டு ஒங்கட கண்ணால கண்டீங்களா?”

“கண்டேன்.”

அபி அவர் பக்கம் திரும்பினான். புதிய முகத்தைக் கண்டால் அவனுக்குப் பேச ஆசை. “அம்மா,” என்று தொடங்கினான். நான் அவன் தலையை என் தோளில் சாய்த்தேன். அவன் நிமிரப் பார்த்தான். பின்னந்தலையில் கையை வைத்துக் கொஞ்சம் அழுத்தினேன். முஷ்ரிபா தன் பிள்ளைகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அபி உதைத்தான். பிறகு உதைக்கவில்லை.

“தூங்கிட்டான்,” என்றேன்.

அவர் அபியின் தொங்கிய காலைப் பார்த்தார். அடுத்த நொடி என் கையிலிருந்து பிடுங்கித் தரையில் கிடத்தி, அவன் வாயில் ஊதினார். முதுகைத் தட்டினார். மறுபடியும் ஊதினார். பாக்கியலெட்சுமி அக்கா ஓடி வந்தார். அபி இருமினான். அழுதான். முஷ்ரிபாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “அம்மா பூட்டு. அபி உள்ள,” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டான்.

பாக்கியலெட்சுமி அக்கா என்னை அடிக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். கடைசிக் காம்பராச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள் மிஸ். இத்ரூஸ் நானா அன்று என் பிள்ளையைக் கண்ணாலும் காணவில்லை. பிள்ளை எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவரை அடிக்கிற நேரம் முழுக்கத் தெரிந்திருந்தது. ஒரு சொல்லில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அபியை ஒரு அறையில் பொம்மைகளோடு உட்கார வைத்து யாரோ கேள்வி கேட்கிறார்களாம். வேண்டாம் மிஸ். சின்னப் பிள்ளை, எதையாவது உளறுவான். அவனைத் திரும்ப என்னிடமே கொடுத்துவிடுங்கள். இந்த மறியல்சாலைக்கு வந்த பிறகு நான் நன்றாகத் தூங்குகிறேன், உடம்பும் தேறிவிட்டது. அவனைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ள என்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?