செங்கோட்டை பாசஞ்சரில் வந்த பூக்கடவம்

என் பெயர் சுயம்புலிங்கம், வயது 47, தகப்பனார் பெயர் பூதலிங்கம், தோவாளை கீழத்தெருவில் குடியிருக்கிறேன். தொழில் பூ வியாபாரம். சொந்தமாக வேன் உண்டு. தென்காசி சந்தைக்கு நானே ஓட்டிப் போவேன். தங்கப்பன் என் தங்கை பகவதியின் கணவன், என்னோடு வேலை பார்ப்பவன்.

1956 டிசம்பர் 11-ம் தேதி காலை ஆறு மணிக்கு, முதுகு வலிக்கிறது என்று நான் சொன்னதால் பகவதி எண்ணெய் தேய்த்துவிட்டு, "அண்ணே, நீங்க வண்டி ஓட்டாண்டாம், ரயில்ல போங்க. அவிய கொண்டுவருவாவ" என்றாள். தங்கப்பனும், "அத்தான் ராஜா கணக்கா சாஞ்சுக்கிட்டு வரட்டும், நான் முந்தி சந்தையில நிப்பேன்" என்று கேலி பேசிவிட்டுப் பூவை ஏற்றிக்கொண்டு போனான். அதன் பிறகு நான் பஸ்ஸில் திருநெல்வேலி போய், அங்கே செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினேன்.

கல்லிடைக்குறிச்சியில் முன்பின் பார்த்திராத ஒருவன் ஏறி, பிச்சிப்பூ நிரப்பிய ஓலைப்பெட்டிக் கடவம் ஒன்றை என் காலடியில் வைத்து, "தோவாளை வியாபாரிதான? பாத்துக்கிடும்" என்றான். அடுத்த நிலையத்திலேயே கடவத்தை விட்டுவிட்டு இறங்கிவிட்டான். கடவத்தின் வாய் வாழைநாரால் கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு பூக்கடைக்கும் ஒரு முடிச்சு உண்டு. தங்கப்பன் இடக்கைக்காரன், அவன் முடிச்சு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். இது அவன் முடிச்சு. வேன் எங்கோ பழுதாகி நிற்கிறது, ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

பூ வாடியிருந்தது. யாருடைய பூவானாலும் எங்கள் ஊர்க்காரனால் வாட விட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அம்பாசமுத்திரத்தில் குழாயில் செம்பு செம்பாகப் பிடித்து ஊற்றினேன். அடியில் சிவப்பாக வடிந்தது. ஓலையில் ஏற்றிய சாயம் போகிறது என்று நினைத்து, தண்ணீர் தெளிந்து வரும்வரை ஊற்றினேன். எங்கள் கடவங்களுக்குச் சாயம் ஏற்றுவதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தென்காசியில் மூன்று மணி வரை நின்றும் வேன் வரவில்லை. அதன் பிறகு கடவத்தை அவிழ்த்தேன். பூவுக்கு அடியில் வேன் சாவியும், தங்கப்பனின் தோள் துண்டும் இருந்தன. துண்டு கசக்கிப் பிழிந்ததுபோல் வெளுத்திருந்தது. அதில் இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னார். வேன் மறுநாள் சாலையோரம் பூவோடு கிடைத்தது. தங்கப்பன் இன்றுவரை கிடைக்கவில்லை.

இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். பத்தாம் தேதி மாலை ஒருவன் கடைக்கு வந்து, "தென்காசிக்கு இனி உம்ம வண்டி வரப்படாது. வந்தா ஓட்டுகவன் திரும்ப மாட்டான்" என்று சொல்லிப் போனான். நான் பயந்தேன். வியாபாரத்தை விடவும் மனம் வரவில்லை. தங்கப்பனிடம் சொல்லவில்லை. எனக்கு முதுகு வலி எதுவும் இல்லை.

இதைப் பகவதி காதில் விழாமல் வாசிக்கும்படி ஏட்டு ஐயாவைக் கும்பிட்டுக் கேட்டேன். முழுவதும் வாசித்தாக வேண்டும் என்று சொல்லி, அவள் வாசல் பெஞ்சில் இருக்க, கதவு திறந்திருக்க, சத்தமாக வாசித்தார். நான் சொன்னபடியே எழுதியிருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை.

(ஒப்பம்) பூ. சுயம்புலிங்கம்