மாமியாரிடம் காட்டாத டிவிடிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் பதிவு மற்றும் பிரதித் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, கேமராக்காரர்களே, ஸ்டுடியோக்காரர்களே, பத்தொன்பது ஆண்டுகளாகப் பையும் கேசட்டுமாக எங்கள் கடைப் படியேறி வந்த வாடிக்கையாளப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அண்ணி அவர்களே, அண்ணனின் அருமை மகளே, உங்கள் அனைவர் முன்னும் தலை குனிந்து நிற்கிறேன். தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். புகழ்ந்து பேச எனக்கு இரண்டு நிமிடம் போதும். மிச்ச எட்டு நிமிடம் வேறொன்றுக்கு வேண்டும்.

தொழில் உலகம் 'நிதானம்' என்று அன்போடு அழைத்த நம் அண்ணன், பிரதி எடுப்பதை ஒரு பொறுப்பாக மதித்த பெருமகன், நம்மை விட்டுப் பிரிந்து இன்றோடு இருபத்தொரு நாள். அவருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது? சோம்பேறி என்பதாலா? இல்லை. பதினாறு மடங்கு வேகத்தில் எழுதலாம் என்று டிவிடியின் அட்டையில் போட்டிருக்கும். நாமெல்லாம் பதினாறில் எழுதினோம். சில அதிமேதாவிகள் ஒன்றில் எழுதினார்கள். அண்ணன் எட்டில் எழுதினார். "ஓடவும் வேணாம், தவழவும் வேணாம், நடந்தா போதும்" என்பார். அன்றிலிருந்து அவர் நிதானம்.

வீட்டு வீடியோ கேசட்டுகளை டிவிடியாக மாற்றித் தரும் எங்கள் கடையில் இரண்டு அறைகள். முன்னறை கவுண்டரும் கணக்கும் என்னுடையவை. உள்ளறை அவருடையது. அங்கே மூன்று கேசட் பிளேயர்கள், எழுதும் மெஷின் இரண்டு, ஜன்னலோரம் ஒரு பழைய கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த ரீடருக்கு அண்ணன் வைத்த பெயர் 'மாமியார்'. எதைக் கொடுத்தாலும் குறை கண்டுபிடிக்கும். மற்ற மெஷின்கள் சிரித்துக்கொண்டே படிக்கிற டிஸ்க்கை இது உள்ளே வாங்கி, முனகி, பிழைகளை ஒன்று விடாமல் எண்ணித் திரையில் கோடு போட்டுக் காட்டும். ஒரு டிஸ்க்குக்கு அரை மணி நேரம். "மாமியார் வாயால சரின்னு வந்துட்டா, அப்புறம் எந்த வீட்டு மெஷினும் வாய் திறக்காது" என்பார். எழுதிய மெஷினிலேயே சரிபார்த்துக் கொடுப்பது அவர் அகராதியில் ஏமாற்று வேலை.

காலி டிஸ்க் வாங்குவதில் அவரைப் போல ஒருவரை நீங்கள் பார்த்ததுண்டா? பெட்டி மேல் இருக்கும் பெயரை அவர் மதித்ததே இல்லை. ஒரே பெயர், ஒரே அட்டை, ஒரே நிறம். உள்ளே இருப்பது மூன்று வெவ்வேறு தொழிற்சாலைச் சரக்காக இருக்கும். டிஸ்க்குக்குள்ளே பதிந்திருக்கும் தொழிற்சாலைக் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் படித்துப் பார்ப்பார். முதலில் ஒரு பெட்டி மட்டும் வாங்கி, எழுதி, மாமியாரிடம் காட்டி, தேறினால் மட்டும் அதே தொகுதியில் மொத்தமாக வாங்குவார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஊசிமுனைப் பொட்டு ஒன்று தெரிந்தாலும் ஓரமாக வைத்துவிடுவார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு பிரதி. இரண்டும் வேறு வேறு தொழிற்சாலை டிஸ்க். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று உறவினர் வீட்டில்.

இதோ இங்கே வந்திருக்கும் தையல்காரர் ஒருமுறை, டிஸ்க் மேல் பேரன் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டித் தரச் சொல்லி அடம் பிடித்தார். அண்ணன் மறுத்துவிட்டார். "பேரன் உள்ள இருக்கான். மேல பசை தடவி அவனை மூச்சுமுட்ட வைக்கணுமா?" தலைமையாசிரியை ஒருவர் பதினோரு ஆண்டு விழா கேசட்டுகளைக் கொண்டுவந்து நாளைக்கே வேண்டும் என்றார். "நாளைக்கே குடுத்தா நாளைக்கு மட்டும்தான் ஓடும், டீச்சர்" என்றார் அண்ணன். டீச்சர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தார். அண்ணன் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "வாங்க டீச்சர், கேசட் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார்.

இப்படிப்பட்ட மனிதரின் கடையில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் நான் எழுந்தேன்.

ஆறு வருடங்களுக்கு முன் அண்ணன் கடைப் படியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. நாற்பது நாள் கடைக்கு வரவில்லை. பள்ளி விடுமுறைக் காலம். உள்ளறையில் கேசட்டுகள் தலைக்கு மேல் குவிந்து கிடந்தன. எங்களிடம் இருந்த நல்ல டிஸ்க் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. நான் சந்தைக்குப் போனேன். அதே பெயர், அதே அட்டை, அதே ஊதா நிறம். விற்றவர் சத்தியம் பண்ணாத குறை. ஒரு பெட்டி வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம் என்று உள்மனம் சொன்னது. நேரம் எங்கே இருக்கிறது என்று நானே அதற்குப் பதிலும் சொன்னேன். மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தேன்.

மாமியாரிடம் காட்டினேனா? காட்டவில்லை. ஒன்றுக்கு அரை மணி நேரம் காத்திருக்க என்னால் முடியவில்லை. எழுதிய மெஷினையே படிக்கச் சொன்னேன். தன் விடைத்தாளைத் தானே திருத்தினால் யாருக்குத்தான் நூற்றுக்கு நூறு வராது? இரண்டு பிரதி கொடுத்தேனா? கொடுத்தேன். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து. தொண்ணூற்றாறு குடும்பங்கள், நண்பர்களே. தொண்ணூற்றாறு.

அண்ணன் கைத்தடியோடு திரும்பி வந்த முதல் நாள், நாற்காலியில் உட்கார்வதற்கு முன்பே கேட்டார். "எல்லாத்தையும் மாமியார்கிட்ட காட்டினியா?" நான் சொன்னேன், "காட்டினேண்ணே." அவர் என் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார். அந்த ஒரு பொய் நான்கு வருடம் நிம்மதியாகத் தூங்கியது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நர்ஸ் அம்மா வந்தார். கணவர் இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தக் கணவர் தன் மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த படம், நான் எழுதிக் கொடுத்த டிஸ்க்கில். முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு நின்றுவிட்டது. இரண்டாவது பிரதியும் அதே இடத்தில் நின்றது. டிவிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளியே எழுதிக்கொண்டு போகும். கெட ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் விளிம்பிலிருந்துதான் கெடும். அதனால் எந்தப் படத்திலும் கடைசிதான் முதலில் போகிறது. மகள் தனியாக நீந்திக் கரை சேருவது கடைசியில் இருந்தது.

அண்ணன் தொழிற்சாலைக் குறியீட்டைப் படித்தார். அவர் சோதித்து வாங்கும் சரக்கு அல்ல என்று அதுவே சொல்லிவிட்டது. அவர் கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கத்தவில்லை. "எத்தனை பேருக்குக் குடுத்தே?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். ஆர்டர் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத் தொண்டு என்று சொல்வதா, தண்டனை என்று சொல்வதா? என் தண்டனையை அவர் அனுபவித்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தார். எண் மாறியிருந்தால் நேரில் தேடிப் போனார், அந்தக் காலை வைத்துக்கொண்டு. "எங்க கடைத் தப்புங்க. டிஸ்க்கைக் குடுங்க, பார்க்கிறேன்" என்றார். எங்க கடை என்றார். ஒரு இடத்திலும் என்னைக் கைகாட்டவில்லை. ஒரு டிஸ்க்கை இரண்டு நாள், மூன்று நாள் மாமியாரிடம் கொடுத்து, படித்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டினார். இரண்டு வருடத்தில் ஐம்பத்தெட்டு குடும்பங்கள். அதில் கேசட்டைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். அவர்கள் தப்பினார்கள். பதினேழு பேரின் டிஸ்க்கைப் போராடி மீட்டார். பத்தொன்பது பேருக்குப் போச்சு என்று சொல்லிவிட்டு வந்தார். ஒவ்வொரு முறை சொல்லிவிட்டு வந்த பிறகும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வார். நான் முன்னறையில் கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருப்பேன். துடைத்த இடத்தையே துடைப்பேன்.

இருபத்தொரு நாளுக்கு முன் காலையில், ஐம்பத்தொன்பதாவது வீட்டுக்குப் போன் செய்யும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எதிர்முனையில் யாரோ "ஹலோ, ஹலோ, யாருங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பதில் சொல்ல அவர் இல்லை.

இந்தக் கூட்டத்தில் அண்ணன் குரலை ஒருமுறை ஒலிக்கவிட வேண்டும் என்று அண்ணி கேட்டார்கள். வாழ்நாள் முழுக்க மற்றவர் குரலைக் காப்பாற்றிய மனிதருக்குத் தன் குரலைப் பதிந்து வைக்கத் தோன்றவில்லை. ஒன்றே ஒன்று இருந்தது. மகள் வேலைக்காக வெளியூர் கிளம்பிய அன்று வீட்டில் எல்லோரும் ஆளுக்கு நாலு வார்த்தை பேசினார்கள். கடைசியாக அண்ணன் பேசினார். நான்தான் கேமரா பிடித்தேன். அடுத்த வாரம் அவர் விழுந்தார். படுக்கையில் பார்க்கட்டும் என்று நானே ஆசையாக டிவிடி போட்டுக் கொடுத்தேன். எந்தப் பெட்டியிலிருந்து என்று சொல்ல வேண்டுமா? ஆர்டர் இல்லாததால் அது நோட்டில் ஏறவில்லை, அண்ணனும் அதைத் தேடி எடுக்கவில்லை. கேமரா கேசட்டிலோ அடுத்த மாதமே வேறு யாருடைய விழாவோ பதிவாகிவிட்டது. அதையும் செய்தவன் நான்.

ஒன்பது நாள் முயன்றேன். அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். திரையில் அண்ணன் எழுந்து நிற்கிறார். சட்டையை இழுத்து விட்டுக்கொள்கிறார். மகளைப் பார்க்கிறார். வாயைத் திறக்கிறார். அங்கே நின்றுவிடுகிறது. ஒன்பது நாளும் அங்கேயே நின்றது. பத்தாவது நாள் அண்ணி சொன்னார்கள், "போதும் தம்பி, நிறுத்திடுங்க. அவர் பேச வர்றதும் நிக்கிறதும் என்னால பார்க்க முடியல."

அண்ணி, அந்த டிஸ்க் தானாகக் கெட்டது என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் உங்களிடமும் சொல்லவில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தனியாக வந்து சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாமல்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன். மகளே, உன் அப்பா உனக்குச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று காலையில் கேட்டாய். கேமரா பிடிப்பவன் படத்தைத்தான் பார்ப்பான் அம்மா, பேச்சைக் கேட்க மாட்டான். எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

அவையோரே, இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது நம் வழக்கம். அண்ணன் விட்ட பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய எல்லோரும் சொன்னார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் என் பணி எது என்று எண்ணிக்கையோடு சொல்கிறேன். முப்பத்தெட்டு குடும்பங்கள் பாக்கி. அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் கடையில் டிவிடி வாங்கியவர்கள் தயவுசெய்து அதை வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள். அப்படியே எடுத்து வாருங்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்திருக்கும். எனக்கு அண்ணனின் கை கிடையாது. அவரால் பத்தொன்பது பேருக்கு முடியவில்லை என்றால் என்னால் எத்தனை பேருக்கு முடியும்? நம்பிக்கை கொடுக்க நான் வரவில்லை. போச்சு என்றால் போச்சு என்று உங்கள் வாசலில் நின்று நானே சொல்வேன். எங்க கடைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், என் தப்பு என்று சொல்வேன்.

இந்த முப்பத்தெட்டு பேரில் சிலர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். தூண் பக்கத்தில் தபால்கார ஐயா இருக்கிறார். மறைந்த உங்கள் மனைவி பள்ளி விழாவில் பாடிய படம், நோட்டில் எழுபத்தோராவது பெயர். அண்ணனுக்கு அஞ்சலி செலுத்தத்தான் வந்தீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த அளவில் என் உரையை...

என்ன ஐயா? சத்தமாகச் சொல்லுங்கள். யாராவது அவரிடம் அந்த மைக்கைக் கொடுங்கள். வேண்டாமா? சரி, எனக்குக் கேட்டுவிட்டது. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். ஐயா கேட்பது இதுதான்: "கேசட்டைத் தூக்கிப் போடுங்க, டிவிடிதான் இருக்கேன்னு சொன்னது நீங்கதானே தம்பி?"

ஆமாம் ஐயா. நான்தான் சொன்னேன். நீங்கள் யோசித்துக்கொண்டு நின்றீர்கள். நானே உங்கள் கையிலிருந்து வாங்கிக் கடைக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.