தோள்பட்டைத் தையல்

நல்ல துணியில் கத்தரிக்கோல் வைக்க எனக்கு இன்றும் மனம் வராது. தையற்காரனுக்கு இது பெரிய குறைதான், இன்ஸ்பெக்டர் மேடம். அதனால் எங்கள் கடையில் அளவெடுத்து வெட்டுவது தம்பி, தைப்பது நான்.

எதிர்வரிசையில் தனிக்கடை போடப் போவதாக அவன் சொன்னபோது நான் கோபப்படவில்லை. "நல்லா இருடா" என்றேன். பிறகுதான் யோசித்தேன். கடைக்கு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சின்னவர் இல்லையா?" சின்னவர் எதிரிலேயே இருந்தால் என்னிடம் யார் வருவார்கள்? கொஞ்ச நாள் ஜெயிலுக்குள்ளே இருந்தால் அவனுக்கும் புத்தி வரும், கடையும் தப்பிக்கும் என்று தோன்றியது.

தம்பி கத்தரிக்கோலால் என் தோளில் குத்திவிட்டான் என்பதுதான் ஏற்பாடு. அதற்குச் சட்டை கிழிந்திருக்க வேண்டும். நான் போட்டிருந்ததோ புதுச் சட்டை, நானே தைத்தது. துணி மாற்றும் அறைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி, கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கடைசியில் தோள்பட்டைத் தையலை பிளேடால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரித்த நூலைப் பொறுக்கிக் குப்பைக்கூடையிலும் போட்டேன். விரலை ஊசியால் குத்தி ரத்தம் தடவினேன். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் கறை போய்விடும் என்ற தைரியம்தான்.

சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் போய் விழுந்து, தம்பி குத்திவிட்டதாகக் கத்தினேன். துணி வெட்டிக்கொண்டிருந்தவன் பதறி ஓடி வந்தான், கையில் கத்தரிக்கோலோடு. இவ்வளவு ஒத்துழைப்பை நானே எதிர்பார்க்கவில்லை.

தெருவில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தெருவே கூடிவிட்டது. பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் தம்பியின் சட்டையைப் பிடித்தார்.

"கூடப் பொறந்தவனையே குத்துறியாடா? இந்தக் கைதானே?"

"அண்ணே, நீயே சொல்லுண்ணே" என்றான் தம்பி.

சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது நான் மயங்கிக் கிடந்தேன். பாதியில் எழுந்தால் நன்றாகவா இருக்கும்? அவன் வலது கையை எங்கள் கடை வாசற்படியில் வைத்து ஷட்டரை இழுத்து இறக்கினார்கள். சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்கள்.

"குத்த வந்தவன் உக்காந்து தையலைப் பிரிச்சுட்டா குத்தினான்?"

"கோவத்துல வேகமா வந்தான், மேடம்."

"துணியில ஒரு இழைகூட அறுபடலையே. ரொம்ப மரியாதை தெரிஞ்ச கத்தரிக்கோல் போல."

கூட இருந்த காவலர் சிரித்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தோளைக் காட்டச் சொன்னீர்கள். அங்கே ஒரு கொசுக்கடி இருந்தது. அதைக் காட்டினேன்.

பொய்ப் புகார் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவன் விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னாராம். தம்பி மனைவி இந்த ஸ்டேஷனுக்கே வந்து அழுதாள். "இனி அவன் எங்கம்மா தனிக்கடை போடப்போறான்? நம்ம கடைக்கே வரட்டும். இடது கையால பட்டன் தைக்கப் பழகிக்கலாம்" என்று ஆறுதல் சொன்னேன்.

இவ்வளவு அவமானம் நடந்த பிறகும் எனக்கு அவன்மேல் ஒரு வருத்தமும் இல்லை, மேடம்.