படத்தில் நாற்பது மெஷின்

கலைச்செல்வன்: போன கீழ வைம்மா! ஒரே லைனு, நெட்டு கட்டாயிடுச்சு பாரு.

சிவசங்கரி: நீங்க நெட்டுல இருக்கீங்கன்னு எனக்கென்ன தெரியும்?

கலைச்செல்வன்: தெரியாதா... காலைலேர்ந்து எடுத்து எடுத்து வைக்கற. யாருக்கு?

சிவசங்கரி: வீராயிக்கு. தைக்க வர்றப்ப ஊசி வாங்கிட்டு வரட்டும்னு.

கலைச்செல்வன்: ஊசியாம்! பிரான்சுலேர்ந்து அந்த மதாம் நாளைக்கு நம்ம தையல் கம்பெனிய பாக்க வருது. எத்தன மணிக்குன்னு மெயில் பாக்கணும். துணிப்பைக்கு மொத மொத வெளிநாட்டு ஆர்டர் வர்ற நேரத்துல...

சிவசங்கரி: உக்காருங்க. வாசலுக்கும் கம்ப்யூட்டருக்கும் எத்தன நடை?

கலைச்செல்வன்: உக்கார முடியல.

சிவசங்கரி: எப்படி முடியும்? இங்க ரெட்டியார்பாளையத்துல இருக்கறது நாலு மெஷின். வெப்சைட்ல யாரு கம்பெனி போட்டோவையோ போட்டு நாப்பதுன்னு...

கலைச்செல்வன்: ஆரம்பிச்சிட்டியா! நாலுன்னு போட்டா எவன் மெயில் அனுப்புவான்? சைட்டு போட்டு ஒரு வருஷமா ஒரு ஈ காக்கா வரல.

சிவசங்கரி: சரி... நாளைக்கு வந்து எண்ணிப் பாத்தா?

கலைச்செல்வன்: அதான் உழவர்கரைல ராஜா கம்பெனி இருக்குல்ல. நாளைக்கு ஒரு நாள் அது நம்மது. நேத்து பூரா அங்கதான்... நம்ம போர்டக்கூட மாட்டிட்டேன்.

சிவசங்கரி: உப்பளத்துல துணி பாக்கப் போறேன்னீங்க?

கலைச்செல்வன்: ...சொன்னா விட்டிருப்பியா?

சிவசங்கரி: தெரியும். ராஜா பொண்டாட்டி போன வாரமே சொல்லிடுச்சு.

கலைச்செல்வன்: தெரிஞ்சுமா சும்மா இருந்த!

சிவசங்கரி: நாளைக்கு நான் என்ன பண்ணணும்?

கலைச்செல்வன்: சங்கரி, நீ பொய்யெல்லாம் சொல்ல வேணாம். சிரிச்சிட்டு பக்கத்துல நில்லு. ஸ்கூல்ல படிச்ச பிரெஞ்சுல ரெண்டு வார்த்த பேசு, போதும்.

சிவசங்கரி: வீராயி?

கலைச்செல்வன்: அவ எதுக்கு? அங்க எல்லாரும் யூனிபார்ம்ல இருப்பாங்க.

சிவசங்கரி: அனுப்பின சாம்பிள் பைய தெச்சது வீராயி.

கலைச்செல்வன்: இல்லன்னு யாரு சொன்னா? ஆர்டர் கிடைக்கட்டும், அவளுக்குப் புது மெஷினே... இரு, கனெக்ட் ஆவுது... ஆவுது... போனத் தொடாத!

சிவசங்கரி: தொடல.

கலைச்செல்வன்: வந்துடுச்சு! மதாம் மெயில்தான். என்னது... மொத வரியே ‘மெர்சி’ன்னு இருக்கு? இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள எதுக்கு நன்றி சொல்லுது? சங்கரி, வந்து படி... ஏன் அங்கயே நிக்கற?

சிவசங்கரி: படிக்காமலே தெரியும்.

கலைச்செல்வன்: என்ன தெரியும்?

சிவசங்கரி: ரெண்டு நாள் முன்னாடியே வாங்கன்னு எழுதினது நான்தான். நேத்து நீங்க அங்க போர்டு மாட்டிட்டு இருந்தப்ப, அந்த மதாம் இங்க வீராயி பக்கத்துல உக்காந்து, சிரிச்சு சிரிச்சு கோணலா ஒரு பை தெச்சாங்க. நாலு மெஷினுக்கு மொத ஆர்டர் ஐநூறு பை போதும்னாங்க... வெப்சைட்ல அந்த நாப்பது மெஷின் படத்த இன்னிக்கே எடுத்துடறோம்னு உங்க பேருல சொல்லிட்டேன்.